மீன் வராத சந்தைக்குச் சாமி வந்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு சாமியின் வரலாறு. போன வாரம் அருணாசலம் அண்ணாச்சி தன் பலசரக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மூச்சு வாங்க என் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"டீச்சர், நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதிப் போடுதீகள்லா. நம்ம சந்தைக்குச் சாமி எப்படி வந்துச்சுன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க. கொடைத் திருவிழாவுக்கு நம்ம தெருப் பிள்ளையோ எல்லாம் நடிக்கட்டும். பக்தியா இருக்கணும். நடுவுல கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டும்."

நாலு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன். மறுநாளே அந்தச் சாமி எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமல் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போயிருப்பேன். தெரிந்ததால் வந்தது வினை. நாடகத் தாளின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகள் பெருகிப் பெருகி, நாடகத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இதோ நீங்கள் படிப்பதாக ஆகிவிட்டன. இது 1997 ஆடி மாதம். ஜன்னலைத் திறந்தால் காற்று தாளைத் தூக்குகிறது, மூடினால் புழுங்குகிறது. திறந்தே வைத்திருக்கிறேன், கீழே சந்தை தெரிய வேண்டும்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

பொருநை பாயும் திருநாட்டில், செந்நெல் விளையும் திருநகரில்—

[அடித்துவிட்டேன். இது ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் பேசுகிற மாதிரி இருக்கிறது. தவிர, எங்கள் தெருவில் செந்நெல் விளைந்து பல காலம் ஆகிறது. தெருவின் பெயர் மட்டும்தான் கடைசி வயல் தெரு. ஜங்ஷனுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது.]

அன்று அமாவாசை. காற்றில் ஒரு மணியோசை—

[இது வேறு யாரோ எழுதியது. எனக்குப் பயமுறுத்த வராது.]

கடைசி வயல் தெருவில் ஒரு மீன் சந்தை இருந்தது. அதில் மீனைத் தவிர எல்லாம் இருந்தது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சந்தையைக் கட்டியவர்களைப் பற்றி நான் எழுதினால் யாராவது மனம் புண்படுவார்கள். அதனால் இந்தக் கதைக்காக நானே ஓர் அலுவலகத்தை உண்டாக்கிக்கொள்கிறேன். அதன் பெயர் சந்தை வாரியம். அதற்கு நீலச் சுவர், ஆடும் மின்விசிறி, மதியம் தூங்கும் பியூன். சந்தை வாரியத்தார் வந்தார்கள், எட்டு சிமெண்டு மேடை கட்டினார்கள், ஒவ்வொன்றையும் ஒட்டி மீன் கழுவிய தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார்கள், தராசு தொங்கவிட இரும்புக் கொக்கி அடித்தார்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார்கள். வாசலை மட்டும் ரோட்டைப் பார்த்து வைக்காமல் ஒரு சுவரைப் பார்த்து வைத்துவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண்ணில் மீன் பட்டால்தானே வாங்குவான்? திறப்பு விழா அன்று கடற்கரையிலிருந்து ஒரே ஓர் அம்மாள் கூடையோடு வந்து காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். வந்ததெல்லாம் பூனைகள். அப்புறம் அவரும் வரவில்லை.

என் அம்மா பிரம்மநாயகி, வீட்டு வாசலில் மீன் வாடை வராமல் காப்பாற்றியதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்*. அடுத்த ஆறேழு வருஷம் மீன் வாடைக்குப் பதிலாகக் குப்பை வாடை வந்தது. உடைந்த பாட்டில், செத்த எலி, சுவரோரம் ஆண்பிள்ளைகள் வரிசையாக நிற்கிற கண்றாவி. அதற்கு எந்தத் தேங்காயும் உதவவில்லை.

(*எங்கள் வீட்டில் சைவம் என்பது சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல, மூக்கு விஷயமும்கூட.)

3

இப்போது எழுதப்போகிற பகுதியை நான் நிதானமாக எழுதமாட்டேன். முடியாது. நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது.

போன வருஷம் கோடை. எங்கள் தெருவின் கமர் நிஷாவுக்குப் பீடி சுற்றுவது தொழில், வீட்டுக்குத் தகரக் கூரை. அதற்குக் கீழே உட்கார்ந்து பீடி சுற்றினால் இலையோடு ஆளும் காய்ந்துபோக வேண்டியதுதான். ஒருநாள் காலை அவள் விளக்குமாறும் வாளியுமாகச் சந்தைக்குள் போய், முதல் மேடையைத் தேய்த்துக் கழுவி, பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். யாரும் கூட்டம் போடவில்லை, தலைவர் செயலாளர் என்று யாரும் கிளம்பவில்லை. மறுநாள் இசக்கியம்மா தட்டோடு வந்தாள். அதற்கு மறுநாள் முத்துராணி தன் வயதுச் சேக்காளிகளோடு வந்தாள். பெண்கள் உட்கார்ந்ததும் சுவரோர வரிசை தானாகக் கலைந்தது.

"இங்கன ஒரு மேடைக்குத்தான் நான் சொந்தக்காரி மாதிரி. மிச்சம் ஏழு கெடக்கே டீச்சர், சும்மாதான மாடியில இருந்து பாக்கீக, எறங்கி வாங்களேன்" என்று கமர் நிஷா என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் இறங்கிப் போனேன். மூன்றாம் மேடையில் சாயங்கால டியூஷன் ஆரம்பித்தேன். என் வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டேன்.

அப்புறம் நடந்ததையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று தெரியவில்லை. கமர் நிஷாவின் வீட்டுக்காரர் நூர்முகம்மது லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். டப்பாக்களின் அடியில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து மேடைக்கு ஒரு நிறம் அடித்தார். அதனால் எங்கள் சந்தைக்கு லாரியின் நிறங்கள்: கிளிப் பச்சை, ரத்தச் சிவப்பு, கண்ணைக் குத்தும் மஞ்சள். தராசுக் கொக்கிகளில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார்கள். மீன் தண்ணீர் ஓட வேண்டிய வாய்க்கால்களில் ஆற்று மண்ணைக் கொட்டி அரைக்கீரை விதைத்தார்கள், அது காடாக வளர்ந்தது. ஒரு மேடையில் கேரம் போர்டு. ஒரு மேடை மத்தியானம் லோடு இறக்கிவிட்டு வருகிறவர்கள் தூங்குவதற்கு. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் வடகம் காயப்போட வந்தார்கள், அப்புறம் வடகத்தை மறந்துவிட்டுப் பேச உட்கார்ந்தார்கள். என் அம்மா கமர் நிஷாவிடம் பீடி இலை வெட்டக் கற்றுக்கொண்டாள்! இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

நான்காம் மேடை முத்துராணிக்கு.

அவளைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவள்தான் கதை. வயது பத்தொன்பது. கணக்கில் தோற்றுப் பத்தாம் வகுப்போடு நின்றவள். கை பீடி சுற்றும்போதே வாய் தெருவில் உள்ள அத்தனை பேரையும் நடித்துக் காட்டும். நான்காம் மேடையில் அவளும் சேக்காளிகளும் ஒரு நாடகம் போட்டார்கள். ரேஷன் கடைக்காரராக அவள் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்து, "சீனி நேத்தே வந்துட்டு, நேத்தே போயிட்டு" என்றபோது தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததும் வியர்வை வழிய என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், வீட்ல நான் வாயத் தொறந்தா 'பைய பேசுட்டி'ங்காவ. இங்கன 'இன்னும் சத்தமாப் பேசுட்டி'ங்காவ!"

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அந்த மேடை அவளுக்கு என்ன என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

4

தையில் சந்தை வாரியத்துக்கு நினைவு வந்தது. டேப்போடு ஓர் ஆள் வந்தார், அளந்தார். ஏலம் விடப்போகிறார்கள், சிமெண்டு குடோன் ஆகப்போகிறது என்றார். கமர் நிஷா கெஞ்சினாள், அண்ணாச்சி மனு எழுதினார், நான் என் ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துப் பார்த்தேன். "மூட்டை வர்றதுக்குள்ள காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான்காம் மேடையில் ஒரு பீடம் நின்றது.

முழங்கால் உயரம். அடியில் அகலம், மேலே குறுகல். வெள்ளைச் சுண்ணாம்பு, அதன்மேல் காவிப் பட்டை, உச்சியில் மஞ்சளும் குங்குமமும், ஓர் அரளி மாலை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உக்கிரமான காவல் சாமி சுடலைமாடன். டேப்காரர் திரும்பி வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார். வழிபாட்டு இடம் இருப்பதால் ஏலம் நிறுத்தம் என்று வாரியத்திலிருந்து செய்தி வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன.

யார் வைத்தது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. காரியம் ஆயிற்றே!

[முதல் வரைவில் இதைச் செய்தது இசக்கியம்மாவின் மகன் முத்துமாலை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், அவன் அப்போது ஊரிலேயே இல்லை. இரண்டாம் வரைவில் 'யாரோ' என்று எழுதினேன். அது கோழைத்தனம். உங்களிடம் மறைக்க மாட்டேன்: வைத்தது முத்துராணி. இடிந்த காம்பவுண்டுச் சுவரின் செங்கல், யார் வீட்டுப் பொங்கலுக்கோ அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு. மூன்றாம் மேடையிலோ ஐந்திலோ வைக்காமல் தன் மேடையிலேயே வைத்தாளே, அதுதான் அவள். அடுத்தவர் இடத்தில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.]

5

இசக்கியம்மாவைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். அவளைக் கேலி செய்கிற மாதிரி ஒரு வாக்கியம் வந்தாலும் இந்தத் தாளைக் கிழித்துவிடுவேன்.

அவள் மகன் முத்துமாலை பம்பாய்க்குப் போய் ஒரு வருஷம் தகவல் இல்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். தலையைக் குனிந்தால் தட்டு, நிமிர்ந்தால் வாசல். பீடம் வந்த அன்று முதல் ஆளாக விளக்கேற்றியவள் அவள்தான். மகன் வந்தால் கொடை கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். பங்குனியில் ஒரு காலை, இளைத்துக் கறுத்து, ஒரு தோல்பையோடு முத்துமாலை சந்தை வாசலில் வந்து நின்றான். இசக்கியம்மாவின் தட்டு கவிழ்ந்தது. தூளும் இலையும் தரையெல்லாம் சிதறக் கிடக்க, தெரு இதுவரை கேட்டிராத குரலில் அவள் சொன்னாள்:

"வந்துட்டேன்லா! கேட்டியே, கொண்டாந்து விட்டேன்லா! எனக்குக் கொடை எங்க?"

அருள் வந்து ஆடினாள். கமர் நிஷாதான் ஓடிப்போய், அவள் மேடையில் மோதிக்கொள்ளாமல் தாங்கிப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு இசக்கியம்மா நிமிர்ந்து நடக்கிறாள். தெருவில் அவளிடம் குறி கேட்கிறார்கள். அவள் சிரிப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன், முன்பல் இரண்டுக்கும் நடுவில் அழகான இடைவெளி.

ஆக, எல்லாம் நல்லபடி நடந்தது. அதுதான் பிரச்சினை.

கொடைக்குக் கமிட்டி வந்தது, அருணாசலம் அண்ணாச்சி தலைவர். வாசலுக்கு இரும்பு கிரில் வந்தது. கிரிலுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி அண்ணாச்சியின் இடுப்பில். செருப்போடு வரக்கூடாது. சாமி தலைக்கு மேலே தொட்டில் ஆடக்கூடாது. கேரம் காய் சத்தம் ஆகாது. வயசுப் பிள்ளைகள் அங்கே ஆட்டம் போடக்கூடாது. நான்காம் மேடையைச் சுற்றிக் கம்பி. கமர் நிஷாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒருநாள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாங்க இருந்தா ஒங்களுக்குச் சங்கடம், போனா எங்களுக்குச் சங்கடம். எங்க சங்கடம்னா வீட்டோட போயிரும்லா" என்றாள்.

முதல் மேடையைக் கழுவியவள் தகரக் கூரைக்குத் திரும்பிப் போய்விட்டாள். வாய்க்காலில் கீரை முற்றிப் பூத்து நிற்கிறது, பறிக்க ஆளில்லை.

(அண்ணாச்சியை நான் வில்லனாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவளுக்கு ஒரு வில்லன் கிடைத்தால் வேலை சுலபம். ஆனால் சந்தையில் இன்று எரிகிற டியூப்லைட்டுகள் அவர் வாங்கிப் போட்டவை. முத்துமாலையைத் தன் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டவரும் அவர்தான். பொது இடம் என்றால் பாழாகிவிடும் என்று ஆறேழு வருஷம் கண்ணால் பார்த்தவர், பூட்டினால்தான் நிலைக்கும் என்று நிஜமாகவே நம்புகிறார். வில்லனாக நிற்கமாட்டேன் என்கிறார், என்ன செய்ய?)

6

கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. சீவலப்பேரிப் பக்கமிருந்து சுடலைவடிவு என்ற அம்மாளை ஏற்பாடு செய்தார்கள். இடம் பார்க்க வந்தவர் பீடத்தைக் கும்பிட்டார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார், கேட்டார்:

"பிடிமண்ணு எங்க எடுத்தீக?"

ஒரு கோயிலில் இருக்கிற சாமியைப் புது இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்துதான் பீடம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எல்லாரும் வேறு யாரோ எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சுடலை பொறந்த கதைய நான் பாடிருவேன். இங்கன வந்த கதைய எப்படி வே பாட? வந்த கதை இல்லாம ராத்திரி வில்லடிச்சா சாமி யாருன்னு சாமிக்கே தெரியாதுல்லா" என்றார் சுடலைவடிவு. "அத இந்த இடத்துக்காரவுகதான் சொல்லணும். சாயங்காலம் ஒங்க பிள்ளையோ அத நடிச்சுக் காட்டட்டும், ராத்திரிக்கு நான் எடுத்துக்கிடுதேன்."

இப்படித்தான் அண்ணாச்சி என் மாடிப்படி ஏறினார். இப்படித்தான், சாமி வந்ததும் மேடையிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைகள், சாமி வந்த கதையைச் சொல்ல மறுபடி மேடையேறும்படி ஆயிற்று. தெருவில் குரல் உள்ள பிள்ளை யார்? முத்துராணி. கதைசொல்லியாக அவள்தான் நிற்க வேண்டும் என்று சொன்னது வேறு யாருமல்ல, இசக்கியம்மா.

[இப்படி ஒரு திருப்பத்தை நான் யோசித்து எழுதியிருந்தால் 'செயற்கை' என்று நானே அடித்திருப்பேன்.]

7

அண்ணாச்சி வந்துபோன மறுநாள் முத்துராணி வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே சொன்னாள்.

"டீச்சர், சாமி எங்கேருந்தும் வரல. நான்தான் செங்கல் அடுக்கி வச்சேன். அந்த டேப்காரன் போனாப் போதும்னுதான் வச்சேன். போனதும் எடுத்துரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சித்தி விளக்கேத்திட்டா."

இசக்கியம்மாவைத்தான் சித்தி என்கிறாள். ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு, அவள் தோளில் வளர்ந்தவள்.

"அதுக்கென்னட்டி? யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"அதான் டீச்சர் பிரச்சினை. ஒரு சந்தையக் காப்பாத்தணும்னு வச்சேன். இப்ப சந்தை இருக்கு, ஒருத்தரும் இல்ல. கமரக்கா மூஞ்சிய என்னால பாக்க முடியல. நான் வச்ச செங்கலுக்காண்டி அவ வெயில்ல கெடக்கா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிருதேன் டீச்சர். எல்லாரும் இருக்கையில, மேடையில. நீங்க எழுதித் தாங்க. எழுதித் தந்தா தைரியமாச் சொல்லிருவேன்."

"சித்தி?"

அவள் அழ ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது, ஆனால் வேறு கேள்வி இல்லை.

8

ஆக எனக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன். பாருங்கள்.

முதல் முடிவு. சுடலைமாடன், அவர் கோயிலுக்குப் பேர்போன சீவலப்பேரியிலிருந்து ஆற்றோடு மிதந்து வந்து நம் கரையில் ஒதுங்குகிறார். [சீவலப்பேரி நமக்குக் கிழக்கே, ஆறு ஓடுகிற திசையில் இருக்கிறது. சாமி எதிர்நீச்சல் போட வேண்டும். சாமியால் முடியும், பார்க்கிறவர்களால் நம்ப முடியாது.] சரி, டவுன் பஸ்ஸில் வருகிறார். கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், சிரிப்புக்கு ஆயிற்று. சந்தைக்கு வருகிறார், பிடித்துப்போகிறது, அமர்கிறார். அனைவரும் வணங்குகிறார்கள். அண்ணாச்சி மகிழ்வார், இசக்கியம்மா மகிழ்வாள், பூட்டு தொங்கும்.

இரண்டாம் முடிவு. முத்துராணி உள்ளதைச் சொல்கிறாள். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம்? நான் அவ்வளவுதான் எழுதினேன். அந்த அமைதியில் இசக்கியம்மாவின் முகத்தை எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. மகனைக் கொண்டுவந்து விட்டது ஒரு பிள்ளை அடுக்கிய செங்கலா என்று அவள் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன்? பீடம் போனால் டேப்காரர் வருவார், அது வேறு.

மூன்றாம் முடிவு. இதை எழுதியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தனியறையில் கைதட்டினேன் என்றுகூடச் சொல்வேன். சாமி டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஊரெல்லாம் இடம் தேடுகிறார், எல்லா இடத்திலும் பூட்டு. கடைசியில் சந்தைக்கு வருகிறார். ஒரு மேடையில் பீடி, ஒன்றில் கேரம், ஒன்றில் வாய்ப்பாடு, கொக்கியில் தொட்டில். "எல்லாருக்கும் ஒரு மேடை குடுத்திருக்கீக, எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு உட்காருகிறார். உட்கார்ந்த கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் காணோம். சாமிக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து நின்று கர்ஜிக்கிறார்: "கமர் நிஷா எங்க? தொட்டிலு எங்க? இந்தச் சத்தத்துக்குத்தானே நான் இங்கன வந்தேன்!"

எப்படி? யார் மனமும் புண்படவில்லை, கிரில் திறக்கிறது, கீரை பறிக்கப்படுகிறது. சாமியே சொன்னபிறகு அண்ணாச்சி என்ன சொல்ல முடியும்? நான் எழுத ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

(நான்காவது ஒன்றும் தோன்றியது. முத்துராணி உண்மையைச் சொல்ல, "அந்தச் சுண்ணாம்பு எங்க வீட்டுச் சுண்ணாம்புதானே, எனக்குத் தெரியாதாக்கும்" என்று இசக்கியம்மா சிரிக்கிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்து உங்களை அழவைக்க மாட்டேன்.)

9

முத்துராணி மூன்றையும் படித்தாள். மூன்றாவதில் சிரித்தாள், கண்டக்டரை அங்கேயே நடித்துக் காட்டினாள், "கமர் நிஷா எங்க?" என்று ஜன்னல் அதிரக் கத்தினாள். நான் பூரித்துப்போய் நின்றேன். பிறகு தாளை மடித்தாள்.

"நல்லாருக்கு டீச்சர். ரொம்ப நல்லாருக்கு. ஆனா இதுவும் ஒரு செங்கல்தானே?"

"எது?"

"சாமி சொல்லாதத சாமி சொன்னதாச் சொல்லுதோம்லா. மொதல்ல டேப்காரன ஏமாத்த ஒண்ணு வச்சேன். இப்ப அண்ணாச்சிய ஏமாத்த நீங்க ஒண்ணு வைக்கீக. கமரக்கா இதக் கேட்டுத் திரும்பி வந்தா, சாமி கூப்பிட்டு வந்ததா இருக்கும். நாம கூப்பிட்டு வந்ததா இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளபடி சொல்கிறேன், நல்ல கோபம். இரண்டு நாள் தூக்கத்தை விட்டு எழுதியது. "பின்ன நீயே எழுது" என்றேன்.

"எழுத வராது டீச்சர். இது அப்படியே இருக்கட்டும், பஸ்ஸு, கண்டக்டரு, எல்லாம். சாமி 'எனக்கும் ஒண்ணு குடுங்க'ன்னு கேக்குதுல்லா, அதோட நிப்பாட்டிருங்க. அதுக்குப் பொறவு வெள்ளையா விட்டிருங்க. அங்கன நின்னு, சித்தி மூஞ்சியப் பாத்துட்டு, என்ன வருதோ நானே சொல்லுதேன்."

"ஒண்ணும் வரலன்னா?"

"வரலன்னா கும்பிட்டுட்டு எறங்கிருதேன்."

கடைசிப் பக்கத்தை வெள்ளையாக விட்டுக் கொடுத்தேன். எனக்கு அது சுலபமாக இல்லை.

10

இன்று கொடை. சாயங்காலம். எழுதியவள் எதிரில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு நடுக்கம் வரும் என்று சாக்குச் சொல்லிவிட்டு மாடியிலேயே இருக்கிறேன். நடுக்கம் எனக்குத்தான். ஜன்னலோரம் மேசையைப் போட்டுப் பார்க்கப் பார்க்க எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், இது ஆடிக் காற்றும் என் கையும் சேர்ந்து எழுதுவது.

கிரிலை இன்று அகலத் திறந்திருக்கிறார்கள். கம்பியை எடுத்துவிட்டார்கள். பீடத்துக்குச் சந்தனமும் பூவும். முன்வரிசையில் இசக்கியம்மா, புது மஞ்சள் சேலை, பக்கத்தில் முத்துமாலை. சுடலைவடிவு வில்லை ஓரமாக வைத்துவிட்டு வெற்றிலை மெல்கிறார். அண்ணாச்சி நிற்கிறார், உட்காருகிறார், மறுபடி நிற்கிறார். கமர் நிஷா வந்திருக்கிறாள்! உள்ளே வரவில்லை, கிரிலுக்கு வெளியே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளை உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஒருவேளை கவனிக்கவில்லையோ என்னவோ.

ஆரம்பித்துவிட்டது. டவுன் பஸ் வந்துவிட்டது. கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அண்ணாச்சி சிரிக்கிறார், அம்மா சிரிக்கிறாள், ஐயோ, நானே சிரிக்கிறேன். சாமி இடம் தேடுகிறது. பூட்டு, பூட்டு, பூட்டு. சிரிப்பு குறைகிறது. சாமி சந்தைக்கு வந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரு மேடை குடுத்திருக்கீக, எனக்கும் ஒண்ணு குடுங்க."

என் எழுத்து இதோடு முடிந்தது. முத்துராணி மைக்கை விட்டுத் தள்ளி வந்து மேடையின் விளிம்பில் நிற்கிறாள். கிரிலுக்கு வெளியே ஒருமுறை பார்த்தாள். இப்போது இசக்கியம்மாவைப் பார்க்கிறாள். அண்ணாச்சி, வசனம் மறந்துவிட்டதாக்கும் என்று என் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். என்னிடம் என்ன இருக்கிறது, வெள்ளைத்தாள்தான்.

இசக்கியம்மா எழுந்து நின்றுவிட்டாள். அருளா, இல்லை சும்மா எழுந்தாளா, இங்கிருந்து தெரியவில்லை.

"சித்தி" என்கிறாள் முத்துராணி.

மைக் இல்லாமலே மாடி வரை கேட்கிறது. நான் எழுதிய நாடகத்தில் சித்தி என்று ஒரு பாத்திரமே கிடையாது.

நான் இறங்கிப் போகிறேன். இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த வார்த்தை என் காதில் விழாது. முதலில் கமர் நிஷாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு எந்தச் சாமியும் எனக்கு வசனம் சொல்லித்தர வேண்டாம். அதற்குள் முத்துராணி என்ன சொல்லியிருப்பாள், இசக்கியம்மா என்ன செய்திருப்பாள் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தால் உங்களுக்கும் இடம் கிடைக்கும்.